கலந்த மருந்துக்கு மறுநாள் கிடையாது!
பாட்டில் கழுவக் கலந்த குளோரின் தண்ணீரை எடுத்து வைத்து மறுபடி பயன்படுத்தலாமா? சிவகாசியின் ஒரு சர்பத் வீடு கற்றுக்கொண்ட பாடம்

சிவகாசியில் இருக்கும் என் பெரியம்மா, வீட்டிலேயே நன்னாரி சர்பத் காய்ச்சி விற்பவர். பங்குனி பிறந்தால் போதும், வீடு முழுக்க நன்னாரி வேர் வாசனைதான். வேரைத் தட்டி ஊறப்போட்டு, வடிகட்டி, சர்க்கரைப் பாகில் சேர்த்து, எலுமிச்சை பிழிந்து பாட்டிலில் அடைப்பார். அக்கம்பக்கத்துத் தெரு, உறவுக்காரர்கள், பிரஸ்ஸில் வேலை பார்க்கும் அண்ணனின் நண்பர்கள் என்று வாங்க ஆட்கள் உண்டு. காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் ஐந்து ரூபாய் குறைத்துக்கொள்வார்.

போன கோடையில், 36 பாட்டில்கள் மூன்று நாளில் திரும்பி வந்தன. சிலவற்றில் வெள்ளையாக நுரை கட்டியிருந்தது. ஒன்றைத் திறந்ததும் மூடி ‘டப்’பென்று தெறித்து, சர்பத் பொங்கி வழிந்தது. கள் மாதிரி ஒரு புளித்த வாடை.

“பதினஞ்சு வருஷமா பண்றேன் தாயி. ஒரு பாட்டிலு கெட்டதில்ல. வேர் அதே கடை, எலுமிச்சம்பழம் அதே கடை, கை அதே கை. யாரு கண்ணு பட்டுச்சோ!” என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். பணத்தைவிட, பேர் போய்விட்டதே என்பதுதான் அவருக்குப் பெரிய வருத்தம்.

கண்ணு படவில்லை. காரணம், கொல்லைப்புறத்தில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் கேனில் இருந்தது.

தண்ணீர் தட்டுப்பாடும் ஒரு கேனும்

சிவகாசிக்காரர்களுக்குத் தண்ணீர் அருமை நன்றாகவே தெரியும். வெம்பக்கோட்டை அணையையும், மானூர் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தையும் நம்பியிருக்கும் ஊர். 2021-ல் திருத்தங்கலையும் சேர்த்து மாநகராட்சி ஆகிவிட்டது. ஆனாலும் குழாயில் தண்ணீர் வரும் நாளைக் காலண்டரில் குறித்து வைக்கும் பழக்கம் பல வீடுகளில் இன்னும் போகவில்லை. டிரம், தொட்டி, குடம் என்று பிடித்து வைத்துத்தான் பிழைப்பு. அப்படிப்பட்ட ஊரில், ஒரு வாளித் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்ற யாருக்கு மனசு வரும்?

பெரியம்மா, பாட்டில்களைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் முக்கி எடுப்பார். நல்ல பழக்கம்தான். முன்பெல்லாம் அன்றன்று கரைத்து, அன்றன்று ஊற்றிவிடுவார். தண்ணீர் வரும் இடைவெளி கூடிப்போன அந்த மாதத்தில், 20 லிட்டர் கேனில் மொத்தமாகக் கரைத்து வைத்துக்கொண்டார். முக்கி எடுத்த தண்ணீரை மறுபடி கேனிலேயே ஊற்றி, ஒன்பது நாள் வரை அதையே ஓட்டியிருக்கிறார்.

“வாசனை வந்துச்சே! பிளீச்சிங் வாடை குப்புனு அடிச்சுதே. அப்ப மருந்து இருக்குன்னுதானே அர்த்தம்?” என்று கேட்டார்.

இந்த இடத்தில்தான் நம்மில் பலரும் ஏமாறுகிறோம்.

மூக்கு சொல்வது பொய்

பிளீச்சிங் பவுடரோ, கடையில் கிடைக்கும் திரவ பிளீச்சோ, தண்ணீரில் கரைந்ததும் ஹைப்போகுளோரஸ் அமிலம் என்ற பொருளைத் தருகிறது. கிருமியின் மேல்தோலைத் துளைத்து அதைக் கொல்வது இதுதான். ஆனால் இதற்கு ஆயுள் குறைவு. இதை அழிப்பவை நான்கு.

ஒன்று, வெளிச்சம். வெயில் பட்டால் வேகமாகச் சிதைந்துவிடும். வெள்ளை கேன் வெளிச்சத்தைத் தடுக்காது. இரண்டு, சூடு. விருதுநகர் மாவட்டத்துக் கோடை எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. மூன்று, அழுக்கு. பாட்டிலில் ஒட்டிய சர்பத், பழச்சாறு, சோப்பு என்று எது கலந்தாலும் குளோரின் முதலில் அதோடு சண்டை போட்டுத் தீர்ந்துவிடும், கிருமிக்கு மிச்சமிருக்காது. நான்கு, இரும்பு, செம்பு போன்ற உலோகங்கள். துருப்பிடித்த வாளியில் கரைத்து வைத்தால் இன்னும் சீக்கிரம் வீரியம் போகும்.

சரி, வாசனை? குளோரின் அழுக்கோடு, குறிப்பாக வியர்வை, உணவுத் துணுக்கு போன்றவற்றில் இருக்கும் நைட்ரஜன் பொருள்களோடு சேரும்போது குளோரமைன் என்ற வேறு பொருள்கள் உண்டாகின்றன. இவற்றின் நெடி சுத்தமான குளோரினைவிடக் காட்டமானது. கிருமியைக் கொல்லும் வேகமோ மிகக் குறைவு. நீச்சல் குளத்தில் ‘குப்’பென்று அடிக்கும் நெடியும் பெரும்பாலும் இதுதான். அதாவது, வாடை காட்டமாக அடிப்பது மருந்து பிரமாதமாக இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி இல்லை. சில சமயம் மருந்து தீர்ந்துகொண்டிருக்கிறது என்பதற்கான அடையாளம்.

அண்ணன் தன் நண்பர் வீட்டிலிருந்து, தண்ணீரில் குளோரின் பார்க்கும் சொட்டு மருந்து வாங்கி வந்தார். இரண்டு கண்ணாடி டம்ளர். ஒன்றில் அப்போதே கரைத்த தண்ணீர். இன்னொன்றில் கேன் தண்ணீர். சொட்டு விட்டதும் முதல் டம்ளர் அடர்ந்த ஆரஞ்சு நிறத்துக்குப் போனது. இரண்டாவது டம்ளர் அப்படியே நின்றது. உற்றுப் பார்த்தால்தான் லேசாக மஞ்சள் தெரிந்தது.

பெரியம்மா எதுவும் பேசவில்லை. இரண்டு டம்ளரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பதினைந்து வருடம் காப்பாற்றியது எது?

அப்படியென்றால் முன்பு ஏன் கெடவில்லை? அன்றன்று கரைத்தது ஒரு காரணம். இன்னொன்று, சர்க்கரை. பாகு கெட்டியாக இருந்தால் அதில் ஈஸ்டும் பாக்டீரியாவும் எளிதில் பெருக முடியாது. அவற்றின் உடம்பிலிருக்கும் தண்ணீரையே பாகு உறிஞ்சிவிடும். தேன் கெடாமல் இருப்பதற்கும் இது முக்கியக் காரணம்.

போன வருடம் வாடிக்கையாளர்கள் ‘சர்க்கரை கம்மியா போடுங்கக்கா’ என்று கேட்க ஆரம்பித்தார்கள். பெரியம்மாவும் குறைத்தார். பாகு இளகியது. பாட்டிலில் ஒளிந்திருந்த ஈஸ்டுக்கு விருந்து கிடைத்தது. சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளியிட்டது. நுரையும் கள் வாடையும் வந்தது இப்படித்தான். மூடிய கண்ணாடி பாட்டிலில் அந்த வாயு அடைந்தால் பாட்டிலே வெடிக்கக்கூடும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இது சாதாரண விஷயம் இல்லை.

ஆக, சர்க்கரையைக் குறைத்தால் சுத்தத்தைக் கூட்ட வேண்டும். ஊறுகாயில் உப்பையும் எண்ணெயையும் குறைப்பவர்களுக்கும் இதேதான்.

பெரியப்பா சொன்ன ஒரு வார்த்தை

பெரியப்பா பட்டாசு ஆலையில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார். டம்ளர்களைப் பார்த்துவிட்டு ஒன்று சொன்னார்.

“கலந்த மருந்துக்கு ராத்திரி கிடையாது. எத்தனை நாளு உங்கிட்டச் சொல்லியிருக்கேன்!”

பட்டாசுத் தொழிலில் இது அரிச்சுவடி. வெடியுப்பு தனியாக இருக்கும்வரை உப்பு. அலுமினியப் பொடி தனியாக இருக்கும்வரை பொடி. கந்தகமும் அப்படித்தான். மூன்றையும் கலந்த நிமிடத்திலிருந்து அது வேறு பொருள். அதனால்தான் அன்றைய வேலைக்கு வேண்டியதை மட்டும், சிறிது சிறிதாகக் கலக்க வேண்டும். மிச்சம் விழுந்ததை நாளைக்கு ஆகட்டும் என்று மூடி வைக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். ராத்திரி ஈரம் ஏறினால் அலுமினியப் பொடியும் நைட்ரேட்டும் தமக்குள்ளேயே வினைபுரிந்து சூடேறும். காலையில் அதைத் தொடும் கைதான் விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

குளோரின் தண்ணீர் வெடிக்காது. ஆனால் அடிப்படை ஒன்றுதான். பவுடர் டப்பாவில் இருக்கும்வரை அதற்கு ஓர் ஆயுள். கலந்த பிறகு வேறு ஆயுள். டப்பாவில் போட்டிருக்கும் காலாவதி தேதி, கரைத்த தண்ணீருக்குப் பொருந்தாது.

மருத்துவ உலகம் இதை நூறு வருடத்துக்கு முன்பே அறிந்திருந்தது. முதல் உலகப் போரில் காயங்களைக் கழுவ ஹென்றி டாக்கின் என்ற வேதியியலாளர் அரை சதவீத ஹைப்போகுளோரைட் கரைசல் ஒன்றை உருவாக்கினார். எண்ணற்ற வீரர்களின் கை கால்களைக் காப்பாற்றிய கரைசல் அது. அதன் பெரிய குறையே, வைத்திருந்தால் வீரியம் இழந்துவிடும் என்பதுதான். கொரோனா காலத்திலும் உலக சுகாதார நிறுவனம் சொன்னது இதையே: நீர்த்த குளோரின் கரைசலைத் தினமும் புதிதாகக் கலக்க வேண்டும்.

அப்படியானால் எதையுமே எடுத்து வைக்கக் கூடாதா?

அண்ணன் விடவில்லை. “எங்க பிரஸ்ஸுல ஒரே தண்ணிய நாள் கணக்குல ஓட்டுறோமே?” என்றார்.

அவர் சொன்னதும் சரிதான். ஆஃப்செட் மெஷினில் பிளேட்டை நனைக்க ‘ஃபவுண்டன் சொல்யூஷன்’ என்று ஒரு கரைசல் உண்டு. அது தொட்டியிலிருந்து மெஷினுக்குப் போய், மறுபடி தொட்டிக்கே வரும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவதில்லை. பி.ஹெச். எனப்படும் அமிலத்தன்மை அளவு பொதுவாக 4.5-க்கும் 5.5-க்கும் நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். மையும் காகிதத் தூசியும் சேர்ந்து அளவு தவறினால் அச்சு கெடும், தண்ணீரை மாற்றிவிடுவார்கள்.

சோடா, கலர் கம்பெனிகளிலும் இதே கதை. 1916-ல் விருதுநகரில் காளிமார்க் பிறந்த காலம் தொட்டு, திரும்பி வரும் கண்ணாடி பாட்டில் நமக்குப் புதிதல்ல. பெரிய ஆலைகளில் அப்படி வரும் பாட்டில்களைச் சூடான காஸ்டிக் சோடா கரைசலில் கழுவுவார்கள். வீரியம் சுமார் 2 முதல் 3 சதவீதம். அந்தக் கரைசலையும் தினம் கொட்டுவதில்லை. மாதிரி எடுத்து, அமிலம் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறும் இடத்தை வைத்து வீரியம் அளப்பார்கள். குறைந்திருந்தால் கூட்டுவார்கள். (காஸ்டிக் சோடா தோலையும் கண்ணையும் பொசுக்கிவிடும். வீட்டில் இதை முயல வேண்டாம்.)

வெளிநாடுகளில் வீட்டிலேயே பியர், ஒயின் தயாரிப்பவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 1937-ம் வருட மதுவிலக்குச் சட்டப்படி அதற்கு வழியில்லை. ஆனால் அவர்களை வாட்டும் கேள்வியும் பெரியம்மாவின் கேள்வியேதான்: கலந்த கிருமிநாசினியை எத்தனை நாள் வைக்கலாம்? அவர்களில் பலர் குளோரினை விட்டுவிட்டு, பாஸ்பாரிக் அமிலம் சேர்ந்த கிருமிநாசினிக்கு மாறியிருக்கிறார்கள். பி.ஹெச். 3-க்குக் கீழே இருக்கும்வரை அது வேலை செய்யும். காய்ச்சி வடித்த தண்ணீரில் கலந்து மூடி வைத்தால் வாரக்கணக்கில் தாங்கும். நம்மூர் போர் தண்ணீர் மாதிரி உப்புத் தண்ணீரில் கலந்தால் சீக்கிரமே கலங்கி வீரியம் குறையும். அவர்களும் சோதனைத் தாளை வைத்துப் பார்த்துத்தான் மறுபடி பயன்படுத்துகிறார்கள்.

பிரஸ், சோடா ஆலை, வெளிநாட்டு வீட்டு பியர் மூன்றிலும் பொதுவான விஷயம் ஒன்றுதான். எடுத்து வைப்பவர்கள் அளக்கிறார்கள். அளக்க வழியில்லையென்றால், எடுத்து வைக்காதீர்கள்.

குறைந்த தண்ணீரில் எப்படிச் செய்வது?

‘தினமும் கொட்டச் சொன்னால் தண்ணீருக்கு எங்கே போவது?’ என்பது நியாயமான கேள்வி. வழி இருக்கிறது. குறைவாகக் கலப்பதுதான் அது. பெரியம்மா இப்போது செய்யும் முறை இது.

முதலில் சுத்தம், அப்புறம்தான் கிருமிநாசினி. பாட்டிலைப் பிரஷ் போட்டுத் தேய்த்து, சோப்புப் போக நன்றாக அலசுகிறார். அழுக்கு இருக்கும் பாட்டிலில் எத்தனை மருந்து ஊற்றினாலும் வீண். இந்த அலசும் தண்ணீர் செடிக்குப் போகிறது.

அப்புறம் 2 லிட்டர் தண்ணீர் மட்டும் பிளாஸ்டிக் ஜக்கில் எடுக்கிறார். 4 சதவீத வீரியம் உள்ள, வாசனையோ சோப்போ சேர்க்காத திரவ பிளீச் என்றால் லிட்டருக்கு 5 மில்லி வீதம் 10 மில்லி. இது 200 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 200 பங்கு குளோரின். பாட்டிலுக்கு இது போதும். பிளேபுள்ள பாட்டில் பளபளக்க வேண்டும் என்று கூடுதலாக ஊற்றினால் குளோரின் வாடைதான் மிஞ்சும்.

இந்த 2 லிட்டரை முதல் மூன்று பாட்டிலில் நிரப்பி, இரண்டு நிமிடம் வைத்து, புனல் வழியாக அடுத்த மூன்றுக்கு மாற்றுகிறார். இப்படியே 20 பாட்டில் வரை. ஒரே வேலை நேரத்துக்குள், சுத்தமாகக் கழுவிய பாட்டில்களுக்கு இடையில் மாற்றி ஊற்றுவதில் தப்பில்லை. மறுபயன்பாடு வேண்டுமென்றால் அது மணிக் கணக்கில் இருக்கட்டும். நாள் கணக்கில் வேண்டாம். கலங்கிவிட்டால் அதற்கு முன்பே கொட்டிவிட வேண்டும்.

பிறகு பாட்டிலைக் கவிழ்த்து நன்றாக வடியவிட்டு, காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஒருமுறை அலசுகிறார். குழாய்த் தண்ணீரில் அலசினால், விரட்டிய கிருமியைத் திரும்பக் கூப்பிட்ட மாதிரி ஆகிவிடும்.

மிச்சமான தண்ணீர் அன்று மாலையே கொல்லைப்புறச் சாக்கடை ஓரத்தில் ஊற்றப்படுகிறது. 20 லிட்டர் கேனுக்கு வேலையே இல்லை.

இட்லிப் பானை இருக்க பயமேன்?

இன்னொரு வழியும் உண்டு. மருந்தே வேண்டாம். கண்ணாடி பாட்டில் என்றால், இட்லிப் பானையில் தட்டுக்கு மேல் கவிழ்த்து வைத்து, ஆவி நன்றாக வந்த பிறகு 10 நிமிடம் விடலாம். ஆவிக்கு வீரியம் குறைவதில்லை. எடுத்து வைக்க வேண்டியதும் இல்லை. அரை லிட்டர் தண்ணீர் போதும். குளிர்ந்த பாட்டிலைத் திடீரென்று ஆவியில் வைக்காமல், பச்சைத் தண்ணீரோடு சேர்த்தே சூடேற்றினால் விரிசல் விடாது. பிளாஸ்டிக் பாட்டில் சுருங்கிவிடும் என்பதால் அதற்கு இந்த வழி ஆகாது.

மோர்ப் பானையை அடுப்பனலில் காட்டியதும், ஊறுகாய் ஜாடியைச் சித்திரை வெயிலில் கவிழ்த்து வைத்ததும் நம் பாட்டிகள் செய்ததுதான். அவர்கள் எதையும் கேனில் சேர்த்து வைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் புதிதாகவே செய்தார்கள்.

இதை மறக்காதீர்கள்!

* பிளீச்சோடு டாய்லெட் கழுவும் ஆசிட், வினிகர், எலுமிச்சை எதையும் கலக்கக் கூடாது. குளோரின் வாயு வெளிவந்து மூச்சை அடைக்கும். அம்மோனியா உள்ள கிளீனரும் கூடாது.

* பழைய குளிர்பான பாட்டிலில் பிளீச் தண்ணீரை ஊற்றி வைக்கவே வைக்காதீர்கள். தாகத்தோடு வரும் குழந்தைக்கு அது குடிதண்ணீர்தான். ஒரு மணி நேரத்துக்கு வைத்தாலும் மேலே பெயரையும் நேரத்தையும் எழுதி, எட்டாத உயரத்தில் வையுங்கள்.

* நல்ல பிளீச்சிங் பவுடரில் சுமார் 33 சதவீதம் குளோரின் இருக்கும். திறந்து வைத்தால் இறங்கிக்கொண்டே போகும். சின்ன பாக்கெட்டாக வாங்கி, இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில், நிழலில் வையுங்கள். கட்டி தட்டி, ஈரம் பிடித்திருந்தால் நம்ப வேண்டாம்.

* பிளீச்சிங் பவுடரை எண்ணெய், மண்ணெண்ணெய், கந்தகம், பட்டாசு இவற்றின் பக்கத்தில் வைக்கக் கூடாது. எரிவதற்கு ஆக்ஸிஜனை அள்ளிக் கொடுக்கும் ரகம் அது. பட்டாசில் குளோரேட்டையும் கந்தகத்தையும் சேர்க்க 1992-ல் தடை விதிக்கப்பட்ட கதை சிவகாசிக்காரர்களுக்குத் தெரியும். அந்த எச்சரிக்கை வீட்டு அலமாரிக்கும் வேண்டும்.

* பாட்டில் கழுவும் அளவு வேறு, குடிதண்ணீர் அளவு வேறு. குடிக்கும் தண்ணீருக்கு 1,000 லிட்டருக்கு சுமார் 2.5 கிராம் நல்ல பவுடர். கரைத்துத் தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்தே பயன்படுத்த வேண்டும். குடத்துக்கு என்றால் குளோரின் மாத்திரையே எளிது: 20 லிட்டருக்கு அரை கிராம் மாத்திரை ஒன்று.

* அலுமினியம், இரும்புப் பாத்திரத்தில் குளோரின் தண்ணீர் கலக்காதீர்கள். பாத்திரமும் அரிக்கும், மருந்தும் போகும்.

இந்தப் பங்குனியில் பெரியம்மா மறுபடி சர்பத் போட ஆரம்பித்திருக்கிறார். போன வருடம் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தவர்களுக்கு முதல் பாட்டில் இலவசம். “காசு வேணாம்ப்பா, குடிச்சுப் பாத்துட்டுச் சொல்லு” என்று அவரே வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். இது வரை ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

நான் போயிருந்த அன்று, வேலை முடிந்ததும் ஜக்கில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. பெரியம்மா அதைக் கையில் எடுத்து ஒரு நிமிடம் யோசித்தார். வாசலில் உட்கார்ந்திருந்த பெரியப்பா திரும்பிக்கூடப் பார்க்காமல், “ராத்திரி கிடையாது” என்றார்.

“தெரியும், தெரியும்” என்று சிரித்துக்கொண்டே சாக்கடையில் ஊற்றினார் பெரியம்மா.